கூந்தலைப் பற்றிய கை: புத்தளக் கரையின் இயக்கியும் கொரியத் திரையின் பேய்களும்

புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு, எழுவன்குளம் தாண்டிக் கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. காடு கடலைத் தொடும் இடத்தில் குதிரைமலை. பெயர்தான் மலை, நேரில் அது அலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் செம்மண் மேடு. இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன் 700 பேருடன் வந்திறங்கிய தம்பபண்ணி இந்த மேடுதான் என்று ஒரு மரபு சொல்கிறது. மல்வத்து ஓயா கடலில் விழும் மன்னார்ப் பக்கத்தைக் காட்டுவோரும் உண்டு. எந்த இடமாக இருந்தாலும், இலங்கையின் பழைய அமானுஷ்ய அதிரடிக் கதைகளில் முதன்மையானது இந்த மேற்குக் கரையில்தான் நடக்கிறது.

மகாவம்சம் என்ற பாளி வரலாற்று நூலின் ஏழாம் அத்தியாயம் அதைச் சொல்லும் விதம் இன்றைய திரைக்கதைக்காரருக்கும் பொறாமை தரும். கரையேறியவர்கள் முன்னால் நாய் உருவில் ஓர் இயக்கி வருகிறாள். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் பின்தொடர்கிறான். ஒரு குளம், அதன் அருகே மரத்தடியில் தவசிப் பெண்ணைப் போல அமர்ந்து குவேனி என்ற இயக்கி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் குடித்தவனைப் பிடித்துவிடுகிறாள். ஆனால் தின்ன முடியவில்லை, அவன் கையில் காப்புநூல் இருக்கிறது. அவனைத் தேடிப் போனவர்களும் ஒருவர் பின் ஒருவராக அகப்படுகிறார்கள். கடைசியில் ஆயுதங்களோடு வரும் விஜயன் குளக்கரையைக் கவனிக்கிறான்: தண்ணீரில் இறங்கிய காலடிகள் இருக்கின்றன, ஏறிவந்த காலடி ஒன்றுகூட இல்லை. அவள் கழுத்தில் சுருக்கை மாட்டுகிறான். இடக்கையால் கூந்தலைப் பற்றுகிறான். வலக்கையால் வாளை ஓங்குகிறான். அவள் உயிர்ப்பிச்சை கேட்கிறாள். ஆட்களைத் திருப்பித் தருகிறாள். பசித்தவர்களுக்கு அரிசியும் எடுத்துக் கொடுக்கிறாள். அந்த அரிசி, அவள் முன்பு தின்ற வணிகரின் கப்பலிலிருந்து வந்தது என்று நூல் உடனே விளக்கமும் சேர்த்துவிடுகிறது.

அந்த விளக்கத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வந்தவர்கள் பசியோடு வருகிறார்கள். இருப்பவள் சோறு போடுகிறாள். அவள் நூல் நூற்கிறாள், குளத்தருகே வாழ்கிறாள், அவளுடைய இனத்துக்குச் சிரீசவத்து என்ற நகரமும் அரசனும் கல்யாணமும் உண்டு. கதை தன் கையாலேயே தரும் தகவல்கள் இவை. இப்படிப்பட்டவர்களைக் காட்டு மிருகங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் மனிதரைத் தின்பவர்களாக வேண்டியிருக்கிறது. அரிசியைக்கூடக் கொள்ளைப்பொருளாக மாற்றிவிட்டால், கொடுத்தவளுக்கு நன்றிக்கடன் எதுவும் மிஞ்சாது.

காப்புநூலின் வரலாறும் கவனிக்க வேண்டியது. புத்தர் பரிநிர்வாணம் அடையும் வேளையில் தேவர் தலைவன் சக்கனிடம் விஜயனைக் காக்கச் சொல்கிறார். சக்கன் அந்தப் பொறுப்பை உப்பல்வண்ணனிடம் ஒப்படைக்கிறான். அவன் துறவி வேடத்தில் கரையில் காத்திருந்து, வந்தவர்கள் மேல் நீர் தெளித்து, கையில் நூலைக் கட்டுகிறான். மண்ணில் நடந்து பார்ப்பதற்கு முன்பே மண்ணின் உரிமை வந்தவர் கையில் கட்டப்பட்டுவிடுகிறது. கிறிஸ்துவுக்குப் பின் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய ஒரு பிக்கு, தம் காலத்து அரசுக்கு இவ்வளவு பழைய உரிமைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஆவிகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

இந்தக் கதையை இன்று மறுபடி வாசிக்கத் தூண்டுவது கொரியாவிலிருந்து வரும் அமானுஷ்யத் தொடர்கள். 'ஜுவல் இன் தி பேலஸ்' சிங்களக் குரலில் 'சுஜாதா தியணி'யாக ரூபவாஹினியில் ஓடிய நாளிலிருந்தே இலங்கை வீடுகளுக்குக் கொரியா பழக்கம். இப்போது தமிழ்க் குரலிலும் தொடர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பேய் வேட்டை வெறும் சண்டைக்காட்சியோடு நிற்பதில்லை. பேய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவை தரும் விடை அரசியல் விடை.

2020 நவம்பரிலிருந்து 2021 ஜனவரி வரை ஒளிபரப்பான 'தி அன்கேனி கவுண்டர்' தொடரை எடுத்துக்கொள்வோம். ஜங்ஜின் என்ற கற்பனை நகரத்தில் ஒரு நூடுல்ஸ் கடை. அதை நடத்தும் நால்வர் தீய ஆவிகளைப் பிடிப்பவர்கள். அந்தத் தொடரில் தீய ஆவி கண்டவர் உடலில் ஏறுவதில்லை. கொலை செய்யும் மனம் ஏற்கெனவே உள்ளவனைத் தேடிப் பிடித்து ஏறுகிறது. தின்னப்பட்டவர்களின் உயிர்கள் அந்த ஆவிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. நாயகன் சோ மூனின் பெற்றோர் காவல்துறையினர். விபத்தில் இறந்ததாக ஊர் நம்புகிறது, உண்மையில் கொல்லப்பட்டவர்கள். விசாரணை போய் நிற்பது நகர மேயரின் வாசலில். ஆக, பேயாவதற்குப் பிறப்புக் காரணமில்லை, அதிகாரமும் பேராசையும் செய்த காரியமே காரணம். பேய் பிடிபடும்போது, தின்னப்பட்டவர்கள் வெளியே வந்து பேசுகிறார்கள்.

அதே தொடரில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. சோ மூன் அந்த விபத்தில் கால் ஊனமுற்றவன், ஊன்றுகோலோடு நடப்பவன். ஆவிவேட்டைக்காரன் ஆனதும் கால் சரியாகிவிடுகிறது. ஓடுகிறான், பாய்கிறான், பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியவர்களை அடக்குகிறான். கோலோடு நடக்கும் ஒரு பையனை நாயகனாக்கிய துணிச்சல் முதல் சில அத்தியாயங்களோடு முடிந்துபோகிறது. நாயகனாக வேண்டுமென்றால் உடல் முதலில் திருத்தப்பட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மேயரையே எதிர்க்கும் தொடரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது.

கிம் உன்-ஹீ எழுதி 2019இல் வெளிவந்த 'கிங்டம்' இன்னும் ஆழமானது. ஜோசன் அரச காலம். இறந்த மன்னனை ஒரு மூலிகையால் எழுப்பி நடமாட விடுகிறார்கள். அரசியின் குடும்பம் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது தேவைப்படுகிறது. மன்னன் கடித்துக் கொன்ற ஒரு வைத்திய உதவியாளனின் உடல் தொங்னே ஊர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பட்டினி. விலங்கின் இறைச்சி என்று நம்பி நோயாளிகள் அந்த உடலின் சதை கலந்த கஞ்சி குடிக்கிறார்கள், கொள்ளைநோய் தொடங்குகிறது. ஆபத்து வந்ததும் பிரபுக்கள் கப்பலேறிப் போய்விடுகிறார்கள், ஊர்ச்சனம் கரையில் விடப்படுகிறது. அதற்கும் முந்திய ஒரு போரில் நோயுற்ற கிராமத்தவரையே இந்த மூலிகையால் ஆயுதமாக்கியிருந்தார்கள் என்ற செய்தி பிறகு வெளிவருகிறது. மனிதரைத் தின்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள்; ஆனால் அவர்கள் கைவிடப்பட்ட குடிமக்கள். மகாவம்சம் குவேனியின் அரிசியில் செய்த வேலையை இந்தத் தொடர் அந்தக் கஞ்சிப் பானையில் தலைகீழாகச் செய்கிறது: தின்றவர் மேல் விழவேண்டிய பழி பட்டினி போட்டவர் மேல் விழுகிறது.

சித்திரிப்பு என்பது கொரியாவில் பணமும் அரசியலும் கலந்த விவகாரம். 2021 மார்ச் 22ஆம் திகதி எஸ்.பி.எஸ். அலைவரிசையில் 'ஜோசன் எக்சார்சிஸ்ட்' தொடங்கியது. சீன உணவும் சீன அலங்காரமும் கொரிய அரண்மனைக் கதைக்குள் வந்ததும், தேஜோங் மன்னன் அப்பாவி மக்களை வெட்டுபவனாகக் காட்டப்பட்டதும் பெரும் கோபத்தைக் கிளப்பின. விளம்பரதாரர்கள் விலகினார்கள். இரண்டே அத்தியாயங்களோடு, மார்ச் 26ஆம் திகதி தொடர் நிறுத்தப்பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததா என்பது தனி விவாதம். தேஜோங்குக்குக் குலச் சங்கம் இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், கேட்பதற்கு ஒரு தேசம் இருந்தது. இயக்கியாகச் சித்திரிக்கப்பட்ட ஒருத்திக்காக வழக்குப் பேச யார் வருவார்கள்?

புத்தளம் கரையில் இதற்கு ஓர் எதிர்பாராத விடை கிடைக்கிறது. முந்தல் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் நடுவே உடப்பு. கரைவலை இழுக்கும் தமிழ் இந்துக்களின் ஊர். சம்மாட்டிமாரும் வலை இழுப்போரும் அம்பாப் பாட்டும் உள்ள ஊர். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்தில் 18 நாள் திருவிழா நடந்து தீமிதிப்போடு நிறைவடைகிறது. பாரதப் போர் 18 நாள், திருவிழாவும் 18 நாள். இந்தக் கரைத் தமிழ் மீனவரின் வழிபாட்டை ஆராய்ந்து நூலாக எழுதிய ஜப்பானிய மானிடவியலாளர் மசகாசு தனக்கா, அம்மன் திருவிழாவும் ஊரின் அதிகாரமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டியிருக்கிறார்.

திரௌபதை யார்? அரசவையில் ஓர் ஆண் கூந்தலைப் பற்றி இழுத்து வந்த பெண். அந்தக் கை செய்த குற்றத்துக்காகப் போரே நடக்கிறது; குற்றவாளியின் குருதி படும்வரை அவள் கூந்தலை முடிக்கவில்லை என்று தமிழ்க் கூத்து மரபு வலியுறுத்துகிறது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டைப் பல காலம் ஆராய்ந்த அல்ஃப் ஹில்டபைட்டல் பதிவுசெய்த நாட்டார் கதைகளில் அவள் வனவாசத்தின்போது இரவில் உக்கிர உருவெடுத்துக் காட்டில் உயிர்களைத் தின்று திரிகிறாள். அதனால் யாரும் அவளை அரக்கி என்று தள்ளிவைக்கவில்லை. அந்த உக்கிரத்தின் முன்தான் நெருப்பில் இறங்குகிறார்கள்.

குதிரைமலையும் உடப்பும் ஒரே மாவட்டத்துக் கரை. இரண்டு கதையிலும் ஒரு பெண்ணின் கூந்தலை ஓர் ஆண் பற்றுகிறான். ஒன்றில் அந்தக் கை பாவம் செய்த கை, அதற்குரியவன் மார்பு பிளக்கப்பட வேண்டியவன். மற்றதில் அந்தக் கை அரசு நிறுவும் கை. பெண்கள் இருவரின் ஆற்றலிலும் பெரிய வேறுபாடில்லை. இருவரும் காட்டிலே தின்பவர்கள், இருவர் சொல்லும் பலிப்பது. வேறுபாடு எங்கே வருகிறதென்றால், திரௌபதையின் கதையை அவள் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். குவேனியின் கதையை அவளை விரட்டியவனின் அரசு சொல்கிறது. இந்தக் கரையின் கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மூன்றாவது ஒருத்தியும் இதே குதிரைமலையில் இருக்கிறாள். புகழேந்தியின் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' அல்லியை மதுரையில் ஆளவைக்கிறது. இலங்கைக் கரையின் வாய்மொழி அவளைக் குதிரைமலையில் குடியேற்றியிருக்கிறது. வடக்கே அரிப்பில் அவள் பெயரில் ஒரு கோட்டையும் உண்டு. ஆணுக்கு அடங்காமல் ஆண்ட அல்லியை அருச்சுனன் பாம்பாக மாறிப் படுக்கையறைக்குள் புகுந்து, தூக்கத்தில் தாலி கட்டி வெல்கிறான். தமிழ்க் கதைக்காரருக்கும் ஆளும் பெண்ணை ஆளவிட மனம் வரவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அல்லியை யாரும் இயக்கி என்று சொல்லவில்லை.

மீண்டும் குவேனியிடம் வருவோம். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் விஜயனின் வருகையைச் சொல்கிறது, குவேனியைச் சொல்லவில்லை. ஆனால் அரக்கிகள் வாழும் தீவில் அகப்படும் சிம்மளன் என்ற வணிகனின் கதை இந்தியாவில் வழங்கிவந்தது. அஜந்தாவின் 17ஆம் குகைச் சுவரில் அது விரிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது, சீனப் பயணி யுவான் சுவாங்கும் அதை எழுதிவைத்திருக்கிறார். விஜயன் கதை வெவ்வேறு காலத்து அரசியல் தேவைகளுக்கேற்ப வடிவம் பெற்றது என்பதை வரலாற்றாசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் நிறுவினார். கதைக்குள்ளேயே ஒரு விரிசலும் தெரிகிறது. மகாவம்சத்தின் முதல் அத்தியாயத்தில் புத்தர் மகியங்கனைக்கு வந்து இயக்கர்களைக் கிரிதீபத்துக்கு அகற்றிவிடுகிறார். ஏழாம் அத்தியாயத்தில் விஜயன் வரும்போது அவர்கள் நகரங்களோடும் கல்யாண மேளத்தோடும் இருக்கிறார்கள். எழுத்தில் எத்தனை முறை விரட்டினாலும் போகாமல் இருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு அந்த விரிசலில் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

அவள் முடிவும் அரசியல்தான். குவேனியின் யோசனையால் விஜயன் கல்யாண வீட்டில் இயக்கர்களைக் கொன்று, அவர்கள் அரசனின் ஆடையைத் தானே அணிந்துகொள்கிறான். பிறகு முடிசூட அரசகுலப் பெண் வேண்டும் என்று மதுரைக்குத் தூது போகிறது. பாண்டியன் மகளும், தோழர்களுக்கான பெண்களும், பதினெட்டு வகைத் தொழிற்குடிகளும் கப்பலில் வருகிறார்கள். குவேனி இரண்டு பிள்ளைகளோடு வெளியேற்றப்படுகிறாள். தன் இனத்தார் நகருக்குப் போகிறாள்; ஒற்றறிய வந்தவள் என்று நினைத்து அங்கே ஒருவன் ஒரே அடியில் அவளைக் கொன்றுபோடுகிறான். பிள்ளைகள் தாய்மாமன் சொல்கேட்டு மலைநாட்டுக்கு ஓடுகிறார்கள். புளிந்தர் என்ற காட்டுமக்கள் அவர்கள் வழி வந்தவர்கள் என்று நூல் முடிக்கிறது. பாண்டியன் மகளுக்குப் பிள்ளையில்லை. விஜயனின் அரியணை தம்பி மகனுக்குப் போகிறது. நூல் சொல்கிறபடியே பார்த்தால் விஜயனுக்குப் பிறந்த வாரிசுகள் அந்த இயக்கியின் பிள்ளைகள் மட்டுமே.

அந்தப் பிள்ளைகளின் வழியினராகக் கருதப்படும் வேடர்கள் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தங்கள் வேட்டைக்காட்டை இழந்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்தைக் காட்டின் உயிரினமாக நூற்றாண்டுக்கணக்கில் எழுதிவைத்தால், காட்டின் மேல் அவர்களுக்கு உள்ள உரிமை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சிங்கள மரபுக்குள்ளேயே இதற்கு மனச்சாட்சி உறுத்தியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மலைநாட்டின் கொஹொம்ப கங்காரியச் சடங்கு, குவேனிக்குச் செய்த துரோகத்தின் சாபம் விஜயனுக்குப் பின் அரியணை ஏறிய அந்தத் தம்பி மகன் பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பிடித்த கதையைச் சொல்லி, அந்தத் தோஷத்தைக் கழிக்க ஆடப்படுவது. இன்று நாட்டின் அடையாளமாக அரச விழாக்களில் ஆடப்படும் கண்டி நடனம் வளர்ந்தது அந்தச் சடங்கிலிருந்து. சிங்கள நாடகாசிரியர் ஹென்றி ஜயசேன 1963இல் 'குவேனி'யை மேடையேற்றி, கைவிடப்பட்ட பெண்ணின் குரலில் அந்தக் கதையை நவீன அரங்குக்குக் கொண்டுவந்தார். கொரியத் திரைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கொழும்பு மேடையில், பேய் என்று பெயர் சூட்டப்பட்டவள் பேசிவிட்டாள்.

இப்போது காற்று வேறு திசையில் வீசுகிறது. அண்மைக் காலத்தில் சிங்களத் தேசியத்தின் ஒரு பிரிவு விஜயனை வந்தேறி என்று ஒதுக்கி, இயக்கர் தலைவனாக இராவணனை மூதாதையாக்கிக்கொண்டது. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு 'இராவணா 1' என்று பெயர். தமிழிலும் இயக்கரும் நாகரும் தமிழரே என்று எழுதிக் குவிப்போர் குறைவில்லை. பேயாக இருந்தவர்களை மூதாதையராக்குவது மரியாதை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் இரு தரப்பும் தேடுவது அந்த மக்களையல்ல, முதலில் வந்தவர் யார் என்ற வழக்குக்கு ஒரு சாட்சியை. விஜயனின் கை விட்ட கூந்தலை இவர்கள் பற்றிக்கொள்கிறார்கள்.

இந்த வழக்குக்கு மண் தரும் சாட்சியம் அடக்கமானது. குதிரைமலைக்குத் தெற்கே, கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையே பொம்பரிப்பு. அங்கே பெரிய சுடுமண் தாழிகளில் இறந்தவர்களை அடக்கம் செய்த ஒரு மயானம் இருக்கிறது. 1920களிலும் 1950களிலும் 1970இலும் அகழ்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள். கூடவே கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள், உலோகப் பொருட்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டுகிறார்கள். அந்த ஒற்றுமை கடலின் இரு கரைகளுக்கும் போக்குவரத்து இருந்ததைச் சொல்கிறது. தாழிக்குள் இருப்பவர் என்ன மொழி பேசினார் என்பதை எலும்பு சொல்லாது. சொல்வதெல்லாம், இந்தக் கரையில் தம் இறந்தவர்களை இவ்வளவு கவனமாக ஒன்றுசேர்த்து அடக்கிய மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதுதான்.

அதற்குப் பிந்திய புத்தளக் கரையும் ஒற்றை வம்சத்துக்குள் அடங்குவதில்லை. முக்குவர், கரையார், முஸ்லிம்கள், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினராகச் சிறம்பையடியில் வாழும் காப்பிரிகள். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, இலங்கையின் முதல் ஆங்கில இடப்பெயர்க் களஞ்சியத்தை 1834இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, தம் கரையின் முக்குவர் வரலாற்றையும் அக்கறையோடு எழுதியவர். சிலாபத்துக்குத் தெற்கே கத்தோலிக்க மீனவர் பலர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறினார்கள். பாட்டி தமிழில் செபம் சொன்னாள், பேரன் சிங்களத்தில் சொல்கிறான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர்; பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. ஊரைவிட்டுப் போகச் சொன்னவர்கள் தமிழ் பேசியவர்கள், போனவர்களும் தமிழ் பேசியவர்கள். விரட்டுவதற்கு முன்னால் அவர்களைத் துரோகிகள் என்று பெயரிட வேண்டியிருந்தது. குவேனியின் கதையைத் தமிழர் சொல்லப் புகும்போது இந்த நினைவும் கூடவே வரவேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு கட்சிக்கதையாகிவிடும்.

இந்தக் கரையிலிருந்து ஒருவர் குவேனியைத் திரைக்கோ மேடைக்கோ எழுத உட்கார்ந்தால், குளக்கரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கோரிக்கை. அங்கிருந்து தொடங்கினால் பார்வையாளர் கண் விஜயனின் கண்ணாகிவிடும், காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். சிரீசவத்துவில் அந்தக் கல்யாண இரவிலிருந்து தொடங்கலாம். பாட்டும் வாத்தியச் சத்தமும் இரவில் விஜயன் காதுக்கு எட்டின என்று மகாவம்சமே சொல்கிறது. சமையல் யார் பொறுப்பு, குவேனி அந்தக் கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை, தன் சொந்தக்காரர் கூடியிருக்கும் இரவை அந்நியனுக்குக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அவளுக்கும் அவர்களுக்கும் இடையில் என்ன நடந்திருந்தது: இவை எதையும் நூல் எழுதவில்லை, எழுத்தாளருக்கு விட்டுவைத்திருக்கிறது. காட்டிக்கொடுத்தவளின் குற்றத்தையும் குறைக்காமல் எழுதவேண்டும். அந்த வீட்டில் வாள் இறங்கும்போது, இறந்து விழுபவர்களுக்கு முதல் காட்சியிலிருந்தே பெயர் இருக்கவேண்டும்.